1965 மஸ்டாங்கின் 289 இன்ஜின்: 1/24 மாடலுக்கு ஆதாரம் திரட்டிய பதிவு

கார் மாடல் கிட்டுகளில் இன்ஜினுக்கென்று வரும் பாகங்கள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். நான் எடுத்துக்கொண்ட 1/24 அளவு ஃபோர்டு மஸ்டாங் கிட்டும் அப்படித்தான். இரண்டு பாதியாக வரும் பிளாக், அதோடு சேர்த்தே வார்த்த கியர்பாக்ஸ், இரண்டு சிலிண்டர் ஹெட், வால்வு கவர்கள், கார்புரேட்டரோடு ஒரே துண்டாக இருக்கும் இன்டேக் மேனிஃபோல்டு, குரோம் பூசிய ஏர் கிளீனர், ஃபேனும் பெல்ட்டும் ஒட்டிய ஒரு தட்டு. ஸ்பார்க் பிளக் வயர் கிடையாது. பெட்ரோல் குழாய் கிடையாது. ஹீட்டர் ஹோஸ் கிடையாது. ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் என்ற பெயரில் ஒரு சின்ன முளை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பானெட்டைத் திறந்து வைத்துக் காட்டும்படி செய்ய வேண்டுமென்றால் மீதி எல்லாவற்றையும் நாமே சேர்க்க வேண்டும். ஒரு வயரை வளைத்து ஒட்ட ஐந்து நிமிஷம் போதும். அந்த வயர் எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது, என்ன நிறம், எவ்வளவு தடிமன் என்று உறுதி செய்வதற்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போய்விடும். இந்தப் பதிவில் பெரும்பகுதி அந்தத் தேடலைப் பற்றியதுதான்.

தேடத் தொடங்கும் முன்னாலேயே செய்ய வேண்டிய ஒரு முடிவு உண்டு. செய்யப் போவது எந்த மஸ்டாங்? வெறுமனே '65 மஸ்டாங் இன்ஜின்' என்று தேடினால் படங்கள் வந்து குவியும், ஆனால் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது. மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. அன்றைக்கு விற்ற வண்டிகளும் ஆவணப்படி 1965 மாடல்தான். ஆனால் 1964 ஆகஸ்ட் வரை செய்த வண்டிகளில் பேட்டரிக்கு மின்சாரம் தர டைனமோ இருந்தது; அதன் பிறகு ஆல்டர்னேட்டர் வந்தது. முதல் தொகுதியில் 260 கன அங்குல வி8 இருந்தது. அப்புறம் அது போய் அந்த இடத்தில் 289 வந்தது. இன்ஜினோடு கியர்பாக்ஸ் கூடு சேருமிடத்தில் ஐந்து போல்ட் இருந்தது ஆறாக மாறியதும் அதே சமயத்தில்தான். இதனால்தான் ஆர்வலர்கள் முதல் தொகுதியைப் பிரித்து '1964½' என்கிறார்கள். இரண்டு தொகுதிப் படங்களையும் கலந்து வைத்துக்கொண்டு வேலை செய்தால், எந்தக் காலத்திலும் இல்லாத ஒரு வண்டி உருவாகும்.

என்னிடம் இருந்தது ஃபாஸ்ட்பேக் உடல், அதாவது கூரை பின்முனை வரை சரிந்து இறங்கும் வகை. அது எனக்கு நிறைய வேலையை மிச்சப்படுத்தியது. ஃபாஸ்ட்பேக் கடைக்கு வந்ததே 1964 இலையுதிர் காலத்தில்தான். ஆகவே டைனமோவா ஆல்டர்னேட்டரா என்ற கேள்வியே எழாது. மஸ்டாங்கின் வண்டி எண்ணை வாசிக்கக் கற்றுக்கொண்டால் இப்படி இன்னும் பல கேள்விகள் தாமாகவே தீர்ந்துவிடும். 5எஃப்09ஏ என்று தொடங்கினால்: 5 என்பது 1965, எஃப் என்பது மிச்சிகனில் உள்ள டியர்பார்ன் தொழிற்சாலை, 09 ஃபாஸ்ட்பேக், ஏ என்பது நாலு பேரல் கார்புரேட்டரோடு 225 குதிரைத்திறன் தந்த 289. அதே இடத்தில் சி இருந்தால் இரண்டு பேரல், 200 குதிரைத்திறன். கே இருந்தால் 271 குதிரைத்திறன் கொண்ட உயர்திறன் வகை. விற்பனைக்கு வரும் வண்டிகளின் படத்தொகுப்பில் இந்த எண்ணையும் பெரும்பாலும் போடுவார்கள். எண்ணைப் பார்க்காமல் எந்த இன்ஜின் படத்தையும் என் கோப்பில் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். நான் செய்வது டியர்பார்னில் 1965 தொடக்கத்தில் செய்த, சில மாதம் ஓடிய, ஏ வகை வண்டி. இவ்வளவு குறுக்கிக்கொண்டதும் குவியல் வெகுவாகச் சுருங்கிவிட்டது.

வகை ஏன் முக்கியம் என்பதற்கு நிறமே போதும். 1965இல் 289 இன்ஜினின் பிளாக், ஹெட், இன்டேக் எல்லாம் கறுப்பு. வால்வு கவரும் ஏர் கிளீனரும் தங்க நிறம். கே வகையில் அவை குரோம். 1964½இன் 260இல் அவை நீலம். ஆறு சிலிண்டர் இன்ஜினில் சிவப்பு. 1966இல் ஃபோர்டு இதையெல்லாம் விட்டுவிட்டு எல்லா இன்ஜினுக்கும் ஒரே நீலத்தை அடிக்கத் தொடங்கியது. இன்று கண்காட்சிகளில் நிற்கும் 1965 வண்டிகள் பலவற்றில் அந்த 1966 நீலம்தான் இருக்கிறது. யாரோ ஒருவர் இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கும்போது கடையில் எளிதாகக் கிடைத்த ஃபோர்டு நீலத்தை அடித்திருப்பார். கிட் பெட்டியின் குறிப்புத் தாளும் நீலம் அடிக்கச் சொல்லலாம். குறிப்புத் தாளை ஒட்டும் வரிசைக்கு மட்டும் நம்பலாம். நிறத்துக்கு நம்பக் கூடாது.

ஆதாரங்களில் நான் முதலில் எடுத்தது தொழிற்சாலைத் தாள்கள். 1965 ஃபோர்டு பட்டறைக் கையேடும், வண்டியைப் பூட்டுபவர்களுக்காக வரைந்த அசெம்ப்ளி கையேடும் இன்றைக்கும் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. அசெம்ப்ளி கையேட்டின் கோட்டோவியங்கள் மாடல் செய்பவனுக்குப் பெரிய கொடை. ஒவ்வொரு கிளிப்பும் எந்தத் துளையில் மாட்டுகிறது, வயர்க்கட்டு எந்தப் பக்கமாகச் சுற்றிப் போகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கும். பட்டறைக் கையேட்டில் வயரிங் வரைபடமும், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் எந்த முனை எந்த சிலிண்டருக்கு என்பதும் இருக்கும். ஒரு எச்சரிக்கை: அந்த 1965 கையேடு மஸ்டாங்குக்கு மட்டும் எழுதியதல்ல. ஃபால்கன், ஃபேர்லேன், காமெட் ஆகியவற்றுக்கும் சேர்த்துத்தான். ஒரே இன்ஜின் இந்த வண்டிகளில் வெவ்வேறு அறைகளுக்குள் உட்கார்ந்தது. ஓவியத்தின் அடியில் எந்த வண்டி என்று போட்டிருப்பதைப் படித்த பிறகே அதிலிருந்து ஹோஸ் பாதையை எடுக்க வேண்டும். இன்ஜினின் உடம்புக்கு எந்த ஓவியமும் சரி. அதைச் சுற்றியிருப்பவற்றுக்கு மஸ்டாங் ஓவியம் மட்டுமே.

கோட்டோவியத்தில் நிறமும் இல்லை, மேற்பரப்பின் தன்மையும் இல்லை. அதற்குப் புகைப்படம் வேண்டும். புதுப்பித்த வண்டியின் படங்கள்தான் அதிகம் கிடைக்கும்; அழகாகவும் இருக்கும், வெளிச்சமும் நன்றாக இருக்கும். ஆனால் அவற்றை எடைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். சில அடையாளங்களைக் கண்டால் அந்தப் படத்தை நான் வடிவத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வேன், மற்றதற்கு ஒதுக்கிவிடுவேன். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் இரட்டை அறையாக இருந்தால் அது பிற்பாடு மாற்றியது. மஸ்டாங்கில் இரட்டை அறை 1967இல்தான் வந்தது, 1965இல் ஒற்றைதான். ஷாக் அப்சார்பர்களின் மேல்முனையைத் தாங்கும் இரண்டு ஷாக் டவர்களுக்கும் குறுக்கே, இன்ஜினுக்கு முன்புறம் ஒரு கம்பி ஓடினால் அதை மான்டி கார்லோ பார் என்பார்கள். மஸ்டாங்கின் பந்தய வகையான ஷெல்பி ஜிடி350இல் அது உண்டு, சாதாரண மஸ்டாங்கில் கிடையாது. ஷாக் டவர்களை ஃபயர்வாலோடு (இன்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவர்) இணைக்கும் தாங்கி ஒரே துண்டாக இருந்தால் அதுவும் ஷெல்பியிலும் ஏற்றுமதி வண்டிகளிலும் வந்தது. உள்நாட்டு வண்டியில் இரண்டு தனித்தனித் தகட்டுத் தாங்கிகள் இருக்கும். சிவப்பு, நீல பிளக் வயர், அலுமினிய ரேடியேட்டர், மின்சார ஃபேன் ஆகியவற்றை யாரும் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். போல்ட் தலைகள் மட்டும் தனியாகப் பளபளத்தாலும் சந்தேகப்பட வேண்டும். தொழிற்சாலையில் இன்ஜினைப் பூட்டி முடித்த பிறகு மொத்தமாகத்தான் பெயின்ட் அடித்தார்கள். ஆகவே பிளாக்கின் போல்ட்டும் பிளாக்கின் நிறம்தான்.

இன்னொரு சிக்கல், இன்ஜினே மாறியிருப்பது. 289க்குப் பின் 1968இல் 302 வந்தது. இரண்டும் ஒரே குடும்பம், வெளியே பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுதான். பழைய மஸ்டாங்குகளில் 302 உட்கார்ந்திருப்பது சகஜம். பிளாக்கின் வடிவத்துக்கு அதைப் பார்ப்பதில் தவறில்லை. பிளக் வயர் வரிசைக்கு மட்டும் பார்க்கக் கூடாது. 289இன் வெடிப்பு வரிசை, அதாவது சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றும் வரிசை, 1-5-4-2-6-3-7-8. 1982க்குப் பிறகு வந்த உயர்திறன் 302இல் அது 1-3-7-2-6-5-4-8. அந்த இன்ஜின் மாட்டிய வண்டியின் படத்தைப் பார்த்து வயர் இழுத்தால், விஷயம் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

நிறத்துக்கும் மேற்பரப்புக்கும் எனக்கு மிகவும் உதவியவை புதுப்பிக்காத வண்டிகள்தான். ஒரே உரிமையாளரிடம் இருந்து, கொட்டகையில் நின்று, தூசு படிந்து ஏலத்துக்கு வரும் வண்டிகள். ஏல நிறுவனங்கள் இவற்றை எல்லாப் பக்கமும் படம் எடுத்துப் போடுவார்கள். தங்கப் பெயின்ட் எங்கே உரிந்திருக்கிறது, அடியில் என்ன இருக்கிறது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எப்படித் துருவேறுகிறது, அதன் சூட்டில் பக்கத்திலிருக்கும் ஹெட்டின் கறுப்பு எப்படி வெளுத்துப் போகிறது என்றெல்லாம் அவற்றில்தான் பார்க்க முடியும். மேனிஃபோல்டுக்குத் தொழிற்சாலையில் பெயின்ட் கிடையாது, வெறும் வார்ப்பிரும்பு. புதுப்பித்த வண்டியில் சாம்பல் பூச்சு பூசி வைத்திருப்பார்கள். சில மாதம் ஓடிய வண்டியில் அது பழுப்பேறியிருக்கும். என் மாடலில் மெல்லிய பழுப்புதான் அடித்தேன்.

டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் வரிசை எண் 1 கொண்ட மஸ்டாங் இருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஸ்டான்லி டக்கர் என்ற விமானி வாங்கி ஓட்டியது; ஃபோர்டு பின்னால் அவருக்குப் பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் மஸ்டாங்கைக் கொடுத்துவிட்டு அதைத் திரும்பப் பெற்றது. மஸ்டாங் மாடல் செய்கிற எல்லோருக்கும் அந்த வண்டிமேல் ஒரு பிரியம் உண்டு. எனக்கும்தான். ஆனால் அது வெள்ளை நிறக் கன்வெர்டிபிள். எண்ணில் இன்ஜினுக்கான இடத்திலும் எஃப் இருப்பதால் 260 இன்ஜின். என் ஏ வகை ஃபாஸ்ட்பேக்குக்கு அதன் இன்ஜின் அறை ஆதாரமாகாது. புகழ்பெற்ற வண்டி என்பதற்காக அதைப் பார்த்துச் செய்துவிடக் கூடாது.

பலர் கவனிக்காத ஒரு சுரங்கம் இருக்கிறது. பழைய மஸ்டாங்குகளுக்குப் புதிதாக உதிரிபாகம் செய்து விற்கும் கடைகளின் விலைப்பட்டியல் படங்கள். ஒவ்வொரு பாகமும் வெள்ளைப் பின்னணியில், தனியாக, நிழலில்லாமல், இரண்டு மூன்று கோணத்தில். மாஸ்டர் சிலிண்டர் மூடியின் வடிவம், பேட்டரித் தட்டின் மடிப்பு, ஆல்டர்னேட்டர் தாங்கியின் வளைவு எல்லாம் துல்லியமாகத் தெரியும். முழு இன்ஜின் அறைப் படத்தில் பத்துப் பாகங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தாங்கியை இங்கே கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி பார்க்கலாம். பழைய அசல் பாகம் விற்பவர்களின் படங்கள் இன்னும் மேல், பக்கத்தில் அளவுநாடாவை வைத்து எடுத்திருப்பார்கள். எனக்கு வேண்டிய அளவுகளில் பாதி அந்த அளவுநாடாக்களிலிருந்துதான் வந்தன.

ஹோஸ் பாதைக்கு வீடியோ. இன்ஜினைக் கழற்றி வெளியே தூக்கும் வீடியோக்களில் இன்ஜினின் பின்பக்கமும், காலியான அறையும், கழற்றும் வரிசையும் ஒன்றாகக் கிடைக்கும். நகரும் கேமராவில் ஒரு குழாய் எதற்கு மேலே போகிறது, எதற்கு அடியில் போகிறது என்பது தெளிவாகப் பிரியும். நிலைப்படத்தில் இரண்டும் ஒட்டியது போலத் தெரியும். நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நானே கையால் மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு படம் வரைந்து, ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு எண் கொடுத்தேன். மேசையில் வேலை செய்யும்போது திரையைப் பார்க்கவே தேவைப்படவில்லை. அந்தத் தாள் ஒன்றே போதுமாக இருந்தது.

நம் ஊர்க்காரர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டியது இடமும் வலமும். அமெரிக்கக் கையேட்டில் 'டிரைவர் பக்கம்' என்றால் இடப்பக்கம். நமக்குப் பழகியது வலப்பக்கம். படிக்கும்போது கண் சரியாகப் படித்தாலும் கை பழக்கத்துக்குப் போய்விடும். அதனால் என் தாளில் டிரைவர் பக்கம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்த்தால் வருகிற இடம், வலம் என்று மட்டும் குறித்தேன். அந்தக் கணக்கில் 1 முதல் 4 வரை வலப்பக்க சிலிண்டர்கள், முன்னிருந்து பின்னாக. 5 முதல் 8 வரை இடப்பக்கம். பேட்டரி வலது முன் மூலை. ஆல்டர்னேட்டர் வலம். பெட்ரோல் பம்பும் ஆயில் ஃபில்டரும் இடம். மாஸ்டர் சிலிண்டர் இடம். அச்சில் சில சமயம் படத்தைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். பேட்டரியும் மாஸ்டர் சிலிண்டரும் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் பிடிபட்டுவிடும். ஆஸ்திரேலியாவில் வலப்பக்க ஸ்டியரிங்குக்கு மாற்றிய வண்டிகளின் படங்களும் வரும். அவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

சரி, அளவுக்கு வருவோம். பெட்டியில் 1/24 என்று போட்டிருப்பதை அப்படியே ஏற்காமல் முதலில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. மஸ்டாங்கின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களின் இடைவெளி) 108 அங்குலம், அதாவது 2743 மி.மீ. 24ஆல் வகுத்தால் 114.3 மி.மீ. 25ஆல் வகுத்தால் 109.7 மி.மீ. காலிப்பர் வைத்தால் எந்த அளவு என்று உடனே தெரிந்துவிடும். என் கிட் 24க்குச் சரியாகவே வந்தது. இன்ஜினைத் தனியாகச் சரிபார்க்க நான் பயன்படுத்தியது சிலிண்டர்களின் இடைவெளி. இந்தக் குடும்ப இன்ஜின்களில் ஒரு சிலிண்டர் மையத்திலிருந்து அடுத்த மையத்துக்கு 4.38 அங்குலம், 111.25 மி.மீ. 1/24இல் 4.6 மி.மீ. வெறும் பிளாக்கை நேராக மேலிருந்து எடுத்த ஒரு படம் கிடைத்தால், அந்த இடைவெளியை அளவுகோலாக வைத்து மற்ற நீளங்களை எல்லாம் கணக்கிட்டுவிடலாம். தூரத்திலிருந்து, நீண்ட லென்ஸில் எடுத்த படமாகப் பார்த்து எடுக்க வேண்டும். பக்கத்தில் நின்று போனில் எடுத்த படத்தில் முன்னாலிருக்கும் பாகம் ஊதிப்போய்த் தெரியும்.

வயர் தடிமனிலும் இதே கணக்குத்தான். பிளக் வயர் அசலில் 7 மி.மீ.; மாடலில் 0.29. பெட்ரோல் குழாய் 5/16 அங்குலம், மாடலில் 0.33. ஹீட்டர் ஹோஸ் வெளிவிட்டம் 22 மி.மீ. என்று வைத்தால் 0.9. ரேடியேட்டர் ஹோஸ் 2 மி.மீ.க்குச் சற்றுக் கீழே. இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பல மாடல்களைப் பார்த்தால், பிளக் வயர் இரண்டு மடங்கு தடிமனில் இருப்பது கண்ணில் படும். அசலில் அது தோட்டக் குழாய் அளவுக்கு வரும். மெல்லிய வயர் தேடி எங்கும் ஆர்டர் போடத் தேவையில்லை. நான் இருப்பது கோயம்புத்தூர். பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை தெருவுக்குத் தெரு உண்டு. எனாமல் பூசிய செம்பு வயர் அங்கே எல்லா கேஜிலும் இருக்கும். 31 கேஜ் 0.295 மி.மீ., பிளக் வயருக்கு அச்சு அசல். 30 கேஜ் 0.315, பெட்ரோல் குழாய்க்கு.

"அண்ணா, முப்பத்தொண்ணாம் கேஜ் கொஞ்சூண்டு வேணுங்க. கட் பண்ணிப் போட்டதே போதும்."

"என்ன மோட்டாருங்க கட்டறீங்க?"

கார் மாடலுக்கு என்று போனில் படத்தைக் காட்டியதும், கழித்துப் போட்ட வயரில் நேராக இருந்ததாகப் பார்த்து ஒரு கற்றை எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. இந்த வயர் மென்மையானது, வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும், அதுதான் வேண்டும். ஹீட்டர் ஹோஸுக்கு 1 மி.மீ. சாலிடர் கம்பி. ஈயம் கலந்தது என்பதால் வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட வேண்டும். ரேடியேட்டர் ஹோஸுக்கு 2 மி.மீ. அளவில் வரும் கறுப்பு வயரை காலிப்பரால் அளந்து எடுத்தேன். அதன் மேலுறையே ரப்பர் போல் இருப்பதால் பெயின்ட் அடிக்கவில்லை.

இனி வேலை. ஏர் கிளீனரின் குரோமை நீக்க காஸ்டிக் சோடாவை நீரில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, அதில் ஊற வைத்தேன். மாடல் குரோம் என்பது மெல்லிய அலுமினியப் படலம்தான். காஸ்டிக்கில் சீக்கிரம் கரைந்துவிடும். அடியில் இருக்கும் வார்னிஷ் தனியாகப் போக வேண்டும். பிளாக்கை ஒட்டி, இணைப்புக் கோட்டைப் புட்டி வைத்துத் தேய்த்து, ஹெட், இன்டேக், டைமிங் கவர் வரைக்கும் எல்லாம் சேர்த்த பிறகே கறுப்பு அடித்தேன். தொழிற்சாலையில் எந்த வரிசையோ அதே வரிசை. முழுப் பளபளப்புக் கறுப்பு அடித்தால் 1/24இல் பொம்மை போலாகிவிடும். கொஞ்சம் மங்கலாக்கியது அடித்தேன். தங்கத்துக்கு நுண்ணிய துகள் உள்ள பெயின்ட் வேண்டும். சாதாரணத் தங்கப் பெயின்ட்டின் துகள் இந்த அளவில் சரளைக்கல் போல நிற்கும். எந்தத் தங்கம் என்று முடிவு செய்ய, ஒரே படத்தை நம்பாமல், வெவ்வேறு வண்டிகளின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் வெள்ளை என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பொருளை முதலில் பார்த்தேன். அந்த வெள்ளை மஞ்சளடித்திருந்தால் தங்கமும் அவ்வளவு மஞ்சளடித்திருக்கும். அதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டர் 289இல் இன்ஜினின் முன்பக்கம், தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் நிற்கும். கிட்டின் முளையை வெட்டிவிட்டு பிளாஸ்டிக் கம்பியில் புதிதாகக் கடைந்து, மேலே வட்டமாக எட்டுத் துளை, நடுவில் ஒன்று பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயிலுக்கு. 0.3 மி.மீ. துளைமுனை சுலபமாக முறியும். முதலில் ஊசியால் குறி வைத்து, பிறகு 'பின் வைஸ்' என்ற கைத்துளைப்பானை விரலால் மெதுவாகச் சுற்ற வேண்டும். ரோட்டர் மேலிருந்து பார்த்தால் எதிர்க்கடிகாரத் திசையில் சுற்றும். அந்தத் திசையிலேயே வரிசையை வைத்தேன். இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விவரம் இருக்கிறது. 7ம் 8ம் இடப்பக்கத்தில் அடுத்தடுத்த சிலிண்டர்கள். வெடிப்பு வரிசையிலும் அடுத்தடுத்து. இரண்டு வயரும் நெடுந்தூரம் ஒட்டிப் போனால் ஒன்றின் மின்னோட்டம் மற்றதில் தூண்டப்பட்டு, 8 நேரம் வருமுன்பே வெடிக்கலாம். அதனால் வயர்தாங்கியில் இந்த இரண்டையும் தள்ளி வைப்பார்கள். மாடலில் இதைச் செய்ய எந்தக் கூடுதல் பாகமும் தேவையில்லை, இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வயரை விட்டால் போதும். பிளக் வயர் இழுத்த மாடல்களைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். வயர்களை மூன்று மி.மீ. கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் இயல்பான வளைவு வந்துவிடும். பொருத்தி முடித்த பிறகு கறுப்பை மெல்லிய தூரிகையால் தொட்டேன். முன்பே அடித்தால் வளைக்கும்போது உரியும்.

பெட்ரோல் குழாய் இடப்பக்கப் பம்பிலிருந்து கிளம்பி முன்பக்கமாக ஏறி கார்புரேட்டருக்குப் போகிறது. ஏர் கிளீனர் அகலமானதால் கார்புரேட்டரே பாதிக்கு மேல் மறைந்துவிடும். அதன் உடம்பில் நேரம் செலவழிக்காமல், குழாய் நுழையும் முனையையும் ஆக்ஸிலரேட்டர் இணைப்பையும் மட்டும் செய்தேன். ஹீட்டர் ஹோஸ் இரண்டும் வலப்பக்கமாகப் பின்னால் ஃபயர்வாலுக்குப் போகின்றன. அவற்றில் ஒன்று போகிற வழியில், குளிர்ந்த இன்ஜின் கிளம்ப உதவும் சோக்கின் கூட்டை ஒட்டிச் செல்லும்படி ஒரு தாங்கி பிடித்திருக்கும். ஹோஸின் சூடும் தானியங்கிச் சோக்குக்கு உதவுகிறது. காரணம் தெரிந்துவிட்டால் பாதையை மறக்கவே முடியாது. கீழ் ரேடியேட்டர் ஹோஸ் 1965இல் வாட்டர் பம்பின் வலப்பக்கம் சேர்கிறது; பிற்காலப் பம்புகளில் அது இடம் மாறியது. படத்தில் இதுவும் ஒரு நல்ல சோதனை.

இன்ஜின் அறைக்கு வண்டியின் வெளி நிறம் எதுவானாலும் அரைப் பளபளப்புக் கறுப்பு. பக்கத் தகடு, ஃபயர்வால், ரேடியேட்டர் தாங்கி எல்லாம் அதுதான். கண்காட்சி வண்டிகளில் இந்த அறைக்கும் வெளி நிறத்தையே அடித்துக் கண்ணாடி போலாக்கியிருப்பார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், 1965 வண்டி அதுவல்ல. ஒற்றை மாஸ்டர் சிலிண்டரை ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டிலும், பேட்டரிக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்டார்ட்டர் ரிலேயை ஒரு சிறு கட்டையிலும் செய்தேன். பேட்டரியிலிருந்து ரிலேக்கு ஒரு தடித்த வயர், ரிலேயிலிருந்து கீழே ஸ்டார்ட்டருக்கு இன்னொன்று. கீழே போவது அறையின் விளிம்போடு மறைந்துவிடும். ஸ்டார்ட்டரை நான் தொடவில்லை. கியர்பாக்ஸ் கூட்டின் ஆறு போல்ட்டும் அப்படியே, எந்தக் கோணத்திலிருந்தும் தெரியாது. பானெட் கீல்களில் இருக்கும் சுருள் ஸ்பிரிங் மட்டும் திறந்தவுடன் கண்ணில் படும் இடம். உதிரிபாகக் கடைப் படத்தில் சுற்றுகளை எண்ணி, 36 கேஜ் வயரை ஒரு ஊசியில் நெருக்கமாகச் சுற்றி, இரண்டு பக்கமும் மாட்டினேன்.